'வர வேண்டாம்' என்றால் என்ன அர்த்தம்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை. என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான் பழைய மாணவன் ஒருவன். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துப் பையன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

"என்னடா, லீவா?" என்றேன்.

"இல்லை சார்... என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க," என்றான். கண் கலங்கி இருந்தது.

"நீ என்ன தப்பு செய்தாய்?"

"ஒண்ணுமே செய்யலை சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தாரு. 'டுமாரோ யூ டோன்ட் ஹேவ் டு கம்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நானும் பெட்டியைக் கட்டிக்கிட்டு, ராத்திரி பஸ்சுக்கே வந்துட்டேன். வீட்ல இன்னும் சொல்லலை. லீவுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவன் மனதுக்குள் அந்த ஆங்கில வாக்கியத்தை எப்படித் தமிழாக்கி இருப்பான்? 'நாளைக்கு நீ வர வேண்டாம்' என்றுதானே! நம் ஊர்க் கடையில் முதலாளி ஒருவர், வேலை செய்யும் பையனைப் பார்த்து, 'நாளைக்கு நீ வர வேண்டாம்' என்று சொன்னால் என்ன அர்த்தம்? கணக்கு முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம். இவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

சூப்பர்வைசர் சொன்னதோ வேறு. 'நாளைக்கு நீ வந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை' என்பதுதான் அது. சனிக்கிழமை இயந்திரங்களைச் சுத்தம் செய்யும் நாள். இவன் பகுதியில் வேலை கிடையாது. ஓய்வு எடுத்துக்கொள்ளட்டுமே என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார் மனிதர். அவன் வந்திருந்தாலும் யாரும் விரட்டியிருக்கப் போவதில்லை.

அன்றே அவனைத் திருப்பி அனுப்பினேன். வேலை போகவில்லை. ஆனால், அந்தத் திங்கட்கிழமை, புதிய இயந்திரம் ஒன்றில் பயிற்சி கொடுக்க ஐந்து பேரைத் தேர்வு செய்திருந்தார்கள். இவன் ஆள் இல்லாததால், இவன் இடத்தில் வேறொரு பையனைச் சேர்த்துவிட்டார்கள். அடுத்த பயிற்சிக்காக இவன் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதில் யார் மேல் குற்றம் என்று கேட்டால், என் மேல்தான். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன் நான். 'மஸ்ட் என்றால் வேண்டும். ஹேவ் டு என்றால் வேண்டும். ஷுட் என்றால் வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்யச் சொன்னவனும் நானே. எழுதியதில் தவறில்லை, ஆனால், அது போதவில்லை. அன்று விட்டுப்போன பாடத்தை, இன்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம்முடைய 'வேண்டும்' என்ற சொல்லைப் பாருங்கள். எத்தனை வேலை செய்கிறது அது! 'எனக்கு ஐஸ்கிரீம் வேண்டும்' என்றால் ஆசை. 'நான் வீட்டுப்பாடம் எழுத வேண்டும்' என்றால் கடமை. 'அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்' என்றால் பிரார்த்தனை. 'விடுமுறை அளிக்க வேண்டுகிறேன்' என்றால் கெஞ்சல். 'அவர் நமக்கு வேண்டியவர்' என்றால் நெருங்கிய மனிதர். பேச்சிலோ இதே சொல் சுருங்கிப் போய், 'போகணும், வரணும், சாப்பிடணும்' என்று வால் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நமக்கு இதில் குழப்பமே வருவதில்லை. 'எனக்குப் பரிசலில் போகணும்' என்று தம்பி அழுதால், அது ஆசை என்று புரிகிறது. 'நான் ரேஷன் கடைக்குப் போகணும்' என்று அவனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னால், அது கட்டாயம் என்று புரிகிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள். ஆசைக்கு 'வான்ட் டு'. கட்டாயத்துக்கு 'மஸ்ட்', 'ஹேவ் டு'. 'வேண்டும்' என்றால் 'வான்ட்' என்று முதல் வகுப்பிலேயே படித்துவிடுவதால், நம் பிள்ளைகள் எல்லா இடத்திலும் 'வான்ட்' போட்டுவிடுகிறார்கள்.

ஒகேனக்கல்லில் ஒரு வெளிநாட்டுக்காரர் பரிசலில் ஏறப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசலில் ஏறுபவர்கள் உயிர் காக்கும் உடுப்பான லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும், அது விதி. கரையில் நிற்கும் நீங்கள் அவருக்கு உதவ நினைத்து, 'சார், யூ வான்ட் டு வேர் லைஃப் ஜாக்கெட்' என்கிறீர்கள். அவர் காதில் அது எப்படி விழும் தெரியுமா? 'உங்களுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ள ஆசையாக இருக்கிறது' என்று விழும். அவர் சிரித்துக்கொண்டே, 'நோ, தேங்க் யூ' என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவார்! காவிரியோ சுழித்துக்கொண்டு ஓடுகிறது. நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது, 'யூ மஸ்ட் வேர் எ லைஃப் ஜாக்கெட்.'

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. 'வேண்டும்' வரும் இடத்தில் 'ஆசை' என்று போட்டுப் பாருங்கள். 'எனக்குப் பரிசலில் போக ஆசை' பொருந்துகிறது. அங்கே 'வான்ட் டு'. 'எனக்கு லைஃப் ஜாக்கெட் அணிய ஆசை' என்றால் பொருந்துகிறதா? இல்லை. அங்கே 'வான்ட்' வரவே கூடாது.

சரி, கட்டாயம் என்று முடிவாகிவிட்டது. 'மஸ்ட்' போடுவதா, 'ஹேவ் டு' போடுவதா?

கட்டாயம் சொல்பவரின் மனதிலிருந்து வந்தால் 'மஸ்ட்'. வெளியில் இருந்து, அதாவது பள்ளி விதி, பஸ் நேரம், டாக்டர் உத்தரவு போன்றவற்றிலிருந்து வந்தால் 'ஹேவ் டு' என்று இலக்கணப் புத்தகங்கள் சொல்லும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, 'ஐ மஸ்ட் சீ ஹர்' என்று நீங்களே தவித்தால், அது உங்கள் மனதின் கட்டாயம். 'ஐ ஹேவ் டு வேர் யூனிஃபார்ம்' என்றால், பள்ளி போட்ட கட்டாயம். ஆங்கிலேயர்களே பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் போடுகிறார்கள். அதனால், இதற்காக ரொம்பவும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அறிவிப்புப் பலகையில் 'மஸ்ட்' அதிகம். வாய்ப் பேச்சில் 'ஹேவ் டு' அதிகம். அது போதும். பேசும்போது 'ஹேவ் டு' என்பது 'ஹேஃப் டு' என்றுதான் காதில் விழும். வானொலியில் கேட்டுவிட்டு, 'ஹாஃப் டூ என்றால் ஒன்றுதானே சார்?' என்று கேட்டாள் ஒரு சிறுமி. இரண்டில் பாதி ஒன்று. அவள் கணக்கு சரிதான்!

இன்னொன்று. 'மஸ்ட்' என்ற சொல்லுக்கு நேற்று கிடையாது! 'நேற்று நான் தர்மபுரிக்குப் போக வேண்டியிருந்தது' என்று சொல்ல 'மஸ்ட்' உதவாது. 'ஐ ஹேட் டு கோ டு தர்மபுரி' என்றுதான் சொல்ல வேண்டும். 'மஸ்ட்டட்' என்று எழுதிய விடைத்தாளைத் திருத்திச் சிவப்பு மை தீர்ந்திருக்கிறது எனக்கு.

ஏன் 'மஸ்ட்'டுக்கு இறந்த காலம் இல்லை? ஏனென்றால், அதுவே ஒரு பழைய சொல்லின் இறந்த கால வடிவம்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில், 'அனுமதி உண்டு' என்ற பொருளில் ஒரு வினைச்சொல் இருந்தது. அதன் இறந்த காலமே தேய்ந்து, பொருளும் மாறி, 'மஸ்ட்' ஆகிவிட்டது. தாய்ச் சொல் மறைந்துவிட்டது. பிள்ளை மட்டும் தனியாக நிற்கிறது.

இதைவிட வேடிக்கையான கதை 'ஆட் டு' என்ற சொல்லுக்கு உண்டு. எழுத்தில் 'ஜி', 'எச்' எல்லாம் இருக்கும், வாயில் வராது. 'நியாயமாகப் பார்த்தால் செய்ய வேண்டும்' என்ற இடத்தில் அது வரும். அதன் மூலம் என்ன தெரியுமா? 'கடன்பட்டிரு' என்ற பொருள் தரும் 'ஓ' என்ற ஆங்கில வினைச்சொல்! அதன் இறந்த காலம்தான் 'ஆட்'. 'ஷுட்' என்பதோ 'ஷல்' என்பதன் இறந்த காலம்; அந்த 'ஷல்'லுக்கும் மிகப் பழங்காலத்தில் கடன்பட்டிருத்தல் என்றே பொருள். இப்போது நம் தமிழைப் பாருங்கள். 'கடமை' என்ற சொல்லுக்குள்ளே என்ன இருக்கிறது? 'கடன்' இருக்கிறது! பெற்றோருக்குச் செய்யும் கடமையையும், மளிகைக் கடையில் வைத்த பாக்கியையும் 'கடன்' என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள் நம் முன்னோர். கடல் கடந்து எங்கோ இருந்த ஆங்கிலேயருக்கும் அதே எண்ணம் தோன்றியிருக்கிறது. இதைப் படித்த அன்று, எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

'ஷுட்' பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது அறிவுரை. 'யூ ஷுட் ஈட் ராகி' என்றால், 'ராகி சாப்பிடுவது உனக்கு நல்லது' என்று அர்த்தம். களியா, கூழா என்பது உங்கள் விருப்பம்! கேட்காவிட்டால் போலீஸ் வராது. 'யூ மஸ்ட் ஈட் ராகி' என்றால், அப்பா பக்கத்தில் பிரம்போடு நிற்கிறார் என்று அர்த்தம். ஆனால், விருந்து வீட்டில் மட்டும் கதை வேறு. 'யூ மஸ்ட் ட்ரை திஸ் பாயசம்!' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், அது மிரட்டல் அல்ல, பாசம். நம் அத்தை, 'இன்னொரு தோசை சாப்பிட்டே ஆகணும்' என்று இலையில் போட்டுவிடுவாரே, அதைப் போல.

பெரியவர்களுக்கு எழுதும்போது 'மஸ்ட்' பக்கமே போகாதீர்கள். 'எனக்கு ஒரு நாள் விடுமுறை அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்' என்ற நம் விடுப்புக் கடிதத்தை அப்படியே மாற்றி, 'யூ மஸ்ட் கிவ் மீ லீவ்' என்று எழுதினான் ஒருவன். தலைமை ஆசிரியர் படித்துவிட்டு, 'இது விண்ணப்பமா, உத்தரவா?' என்று கேட்டார். நம் 'வேண்டும்' பணிவாகவும் இருக்கும். 'மஸ்ட்' அப்படி இருக்காது. 'ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ்' என்று எழுதினால் போதும்.

இப்போது, பெங்களூர்ப் பையனை ஊருக்கு அனுப்பிய இடத்துக்கு வருவோம். இதுவரை தூங்கியவர்கள்கூட இங்கே விழித்துக்கொள்ளுங்கள்.

'யூ மஸ்ட் கம்', 'யூ ஹேவ் டு கம்' இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் 'இல்லை' சேருங்கள். 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால், 'நீ வரக் கூடாது'. 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றால், 'நீ வர வேண்டியதில்லை. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி'. ஒரே வீட்டில் பிறந்த இரட்டையர்கள், 'இல்லை' என்றதும் ஆளுக்கு ஒரு திசையில் ஓடிவிட்டார்கள்! ஒன்று கதவை அடைக்கிறது. மற்றொன்று கதவைத் திறந்து வைத்து, 'உன் இஷ்டம்' என்கிறது.

தமிழிலும் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. 'கூடாது' ஒன்று, 'வேண்டியதில்லை' அல்லது 'தேவையில்லை' மற்றொன்று. வம்பு செய்வது நடுவில் உட்கார்ந்திருக்கும் 'வேண்டாம்' என்ற சொல். 'காபியில் சர்க்கரை வேண்டாம்' என்றால் விருப்பமில்லை. 'கிணற்றுப் பக்கம் போக வேண்டாம்' என்றால் தடை. 'நீங்கள் எழுந்து வர வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன்' என்றால் சிரமம் வேண்டாம் என்ற அன்பு. குரலையும் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். 'டோன்ட் ஹேவ் டு' என்பதை 'வேண்டாம்' என்று மொழிபெயர்த்தால், எந்த 'வேண்டாம்' என்று தெரியாமல் போய்விடும். அதை எப்போதும் 'வேண்டியதில்லை' என்றே மாற்றுங்கள். 'நீட் நாட்' என்பதும், அதன் சுருக்கமான 'நீடன்ட்' என்பதும் இதே கட்சிதான். 'மஸ்ட் நாட்' சுருங்கினால் 'மஸன்ட்'. நடுவில் உள்ள 'டி' வாயைத் திறக்காது.

'நாட் சப்போஸ்டு டு' என்றும் ஒன்று உண்டு. கேட்பதற்கு மெதுவாக இருக்கும். 'யூ ஆர் நாட் சப்போஸ்டு டு என்டர்' என்று காவலாளி சொன்னால், 'நுழையத் தேவையில்லை' என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள். நுழையக் கூடாது என்று மரியாதையாகச் சொல்கிறார், அவ்வளவுதான். 'யூ ஹேட் பெட்டர் கோ' என்பதும் அப்படியே. 'பெட்டர்' இருப்பதால் ஏதோ நல்ல வார்த்தை என்று தோன்றும். உண்மையில், 'இப்போதே போய்விடு. இல்லாவிட்டால் வம்பு' என்ற எச்சரிக்கை அது.

இந்த வித்தியாசம் தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல. உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ, பாட்டிக்கோ சர்க்கரை நோய் இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, ஆங்கிலத்தில் எழுதிய சீட்டைப் படித்துச் சொல்ல உங்களைத்தான் கூப்பிடுவார்கள். வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை என்றால், அதற்கு முன் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். அங்கே 'மஸ்ட் நாட் ஈட்'. கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் 'எச்பிஏ1சி' என்ற இன்னொரு பரிசோதனை இருக்கிறது. அதற்குப் பட்டினி தேவையில்லை. அங்கே 'டோன்ட் ஹேவ் டு ஃபாஸ்ட்'. இரண்டையும் மாற்றிப் படித்தால் என்ன ஆகும்? முதலாவதில், பாட்டி இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், தப்பான அளவைக் காட்டி, தப்பான மருந்து வாங்கி வரக்கூடும். இரண்டாவதில், பாவம், காரணமே இல்லாமல் பசியோடு வரிசையில் நிற்பார்.

காசநோய் மாத்திரையும் அப்படித்தான். வழக்கமான சிகிச்சை குறைந்தது 6 மாதம். இரண்டு மாதத்திலேயே இருமல் நின்றுவிடும். 'இனி மாத்திரை எதற்கு?' என்று தோன்றும். 'யூ மஸ்ட் நாட் ஸ்டாப்' என்று டாக்டர் சொல்வது அதனால்தான். பாதியில் நிறுத்தினால், கிருமிகள் அந்த மருந்துக்கே அடங்காதவையாக மாறிவிடலாம்.

இதுவரை ஆங்கிலத்தின் குழப்பத்தைச் சொன்னேன். தமிழின் குழப்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும் இல்லையா? 'மழை பெய்திருக்க வேண்டும்.' இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? ஒகேனக்கல்லில் நின்றுகொண்டு, செந்நிறமாகப் பொங்கி வரும் தண்ணீரைப் பார்த்து, 'குடகு மலையில் மழை பெய்திருக்க வேண்டும்' என்கிறார் ஒரு பரிசல்காரர். அது ஊகம். ஆங்கிலத்தில் 'மஸ்ட் ஹேவ் ரெயின்ட்'. அதே பரிசல்காரரின் அண்ணன், பாப்பாரப்பட்டிப் பக்கம் காய்ந்து கிடக்கும் தன் நிலத்தைப் பார்த்து, 'இந்நேரம் மழை பெய்திருக்க வேண்டும்' என்கிறார். அது ஏக்கம், பெய்யவில்லை! ஆங்கிலத்தில் 'ஷுட் ஹேவ் ரெயின்ட்'. தமிழில் எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியம். ஒருவர் கண் முன்னே வெள்ளம். மற்றவர் கண் முன்னே வறட்சி. இங்கே ஆங்கிலம்தான் தெளிவாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, 'ஷல்'. பேச்சில் அது மிகவும் சாதுவான பிள்ளை. 'ஷல் வீ கோ?' என்றால், 'போகலாமா?' அவ்வளவுதான். சட்டத்துக்குள் போனதும் அதற்கு மீசை முளைத்துவிடும்! சட்டத்தில் 'மே' என்றால் 'செய்யலாம்'; 'ஷல்' என்றால் 'செய்தே ஆக வேண்டும்'.

எங்கள் தர்மபுரிப் பகுதிக்கு ஆங்கிலேயர் ஆட்சி வந்தது 1792ல். திப்பு சுல்தானுடன் நடந்த போருக்குப் பின், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீட் என்ற தளபதியும், பிற்காலத்தில் சென்னை மாகாண கவர்னரான தாமஸ் மன்றோவும் இங்கே இருந்துதான் நிலத்தை அளந்து வரி வாங்கினார்கள். அதாவது, ஆங்கிலம் நம் ஊருக்குள் நுழைந்ததே 'இவ்வளவு கட்ட வேண்டும்' என்று கேட்கும் ஆட்சியோடுதான். அந்த மொழியிலேயே, ஆட்சி செய்பவர்களைப் பார்த்து 'நீங்கள் இதைச் செய்தே ஆக வேண்டும்' என்று சொல்லும் அரசியல் சட்டத்தை, பின்னாளில் நாமே எழுதினோம்.

அந்தச் சட்டத்தில் உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறது. 1950 ஜனவரி 26ல் அது நடைமுறைக்கு வந்தபோது, 45வது பிரிவில், 14 வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச, கட்டாயக் கல்வி தருவது பற்றிச் சொல்லப்பட்டிருந்தது. பத்து ஆண்டு கெடுவும் வைத்தார்கள். ஆனால், அங்கே இருந்தது 'ஷல் ப்ரொவைட்' அல்ல. 'ஷல் எண்டெவர் டு ப்ரொவைட்'. அதாவது, 'தர வேண்டும்' அல்ல. 'தர முயற்சி செய்ய வேண்டும்'. பத்து ஆண்டுகள் 1960ல் முடிந்தன. பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகளோ ஏராளம். அந்தப் பிரிவு அரசுக்கு வழிகாட்டும் கொள்கைகள் என்ற பகுதியில் இருந்ததால், அதை வைத்து நீதிமன்றத்துக்குப் போய், 'எங்கே என் பள்ளிக்கூடம்?' என்று நேரடியாகக் கேட்கவும் முடியாது.

2002ல் அரசியல் சட்டத்தின் 86வது திருத்தம் வந்தது. 21ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு இலவச, கட்டாயக் கல்வி தர வேண்டும் என்கிறது அது. இப்போது அங்கே 'எண்டெவர்' இல்லை. வெறும் 'ஷல் ப்ரொவைட்'! முயற்சி போய்விட்டது, கட்டாயம் வந்துவிட்டது. கல்வி உங்கள் அடிப்படை உரிமை ஆகிவிட்டது. அதற்கான கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1ல் நடைமுறைக்கு வந்தது. அதே 86வது திருத்தத்தில், குடிமக்களின் கடமைகள் பட்டியலிலும் ஒன்று கூடியது. 1976ல் சேர்க்கப்பட்ட 10 கடமைகளோடு, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்குப் படிக்க வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை என்பது 11வதாகச் சேர்ந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் விகிதம் மிகக் குறைவாக இருந்த மாவட்டம் எங்கள் தர்மபுரிதான். 'மழை இல்லை சார், ஆடு மேய்க்க ஆள் வேணும்' என்று பிள்ளையை நிறுத்திய வீடுகளுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த ஆசிரியர்கள் இங்கே பலர் உண்டு. நானும் ஒருவன். பல ஆண்டுகள் நான் போய்ச் சொன்னதெல்லாம், 'அனுப்பினால் நல்லதுங்க' என்ற 'ஷுட்' மட்டும்தான். எனக்குப் பின் வந்த ஆசிரியர்கள், 'இது அவளுடைய உரிமைங்க. சட்டமே சொல்லுது' என்று 'ஷல்' போட்டுப் பேசினார்கள்.

சரி, பென்சிலை எடுங்கள். நான்கு வாக்கியம் தருகிறேன்; ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். முதலாவது: நேற்று நான் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டாவது: ஆற்றில் இறங்கக் கூடாது. மூன்றாவது: நீ காசு தர வேண்டியதில்லை. நான்காவது: நீ நாளைக்கு வர வேண்டாம்.

முதலாவதுக்கு 'ஐ ஹேட் டு கோ டு த ஹாஸ்பிட்டல் எஸ்டர்டே'. இரண்டாவதுக்கு 'யூ மஸ்ட் நாட் கெட் இன்டு த ரிவர்'. மூன்றாவதுக்கு 'யூ டோன்ட் ஹேவ் டு பே'. நான்காவதுக்கு நான் விடை தர மாட்டேன். யார் சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் என்று தெரியாமல் அதை ஆங்கிலத்தில் எழுத முடியாது.

அந்தப் பெங்களூர்ப் பையனுக்கு அன்று நான் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். யாராவது 'டோன்ட் ஹேவ் டு' என்றால், உடனே கேட்க வேண்டிய கேள்வி: 'ஷுட் ஐ கம் ஆன் மண்டே, சார்?'